உப்புக் காற்று ஊருக்குக் குடிவருகிறவர்களுக்கு: தண்ணீர், குப்பை, மீன், கரை

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கடற்கரையில் எங்கே வீடு பிடித்தாலும், சாமான் இறக்குவதற்கு முன் பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். "இங்க எத்தனை அடியில நல்ல தண்ணி?" என்பது முதல் கேள்வி. "இப்ப என்ன காத்து?" என்பது அடுத்தது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் அப்படியே தலைகீழ். வீட்டுத் தண்ணீருக்கும் வீட்டுக் குப்பைக்கும் நீங்கள் செய்யவேண்டியதெல்லாம் இந்த இரண்டு கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. பூமியிலிருந்து அதிகமாக இறைத்தால் கடல் உள்ளே வருகிறது. மூடாமல் வைத்த குப்பை காற்றில் கடலுக்குப் போகிறது. தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது

கடலோர மணலுக்கு அடியில் கிடைக்கும் நல்ல தண்ணீர் முழுவதும் மழை விட்டுப்போனது. உப்புத் தண்ணீரைவிட அது எடை குறைவு. அதனால் பாலின் மேல் ஆடை படிந்ததுபோல் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். மேலே அரை அடி இறைத்துக் குறைத்தால், நாளடைவில் கீழே உப்பு 20 அடி ஏற இடம் கொடுத்துவிடுகிறோம். அப்படி ஏறிய உப்பு ஒரு மழைக்காலத்தில் இறங்கிவிடாது.

தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டெடுக்கும் தண்ணீர் குடிக்கும்படி இருப்பதற்கு இதுதான் காரணம். சிரட்டை ஆடையை மட்டும் வழிக்கிறது. அதே இடத்தில் குழாயை ஆழமாக இறக்கி மோட்டார் வைத்தால், ஆடையைத் துளைத்துக்கொண்டு அடியிலிருக்கும் உப்பை உறிஞ்சும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முதல் வருடம் இனித்த ஆழ்துளைக் கிணறு மூன்றாவது வருடம் சவர்த்துப்போனால், அது உங்கள் கிணற்றோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுத் திறந்த கிணறும் கெடும்.

திறந்த கிணறு இருக்கும் வீடா? அரை குதிரைத்திறன் மோட்டாரே தாராளம். ஒரே மூச்சில் தொட்டியை நிரப்பாமல், காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் என்று பிரித்து இறையுங்கள். இடையில் கிணறு ஊறிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க, பேனா அளவில் வரும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். வாரத்தில் ஒருநாள், மோட்டார் போட்டவுடன் ஒரு டம்ளரும் 15 நிமிடம் ஓடியபின் ஒரு டம்ளரும் பிடித்து, இரண்டையும் அளந்து நாட்காட்டியிலேயே எழுதுங்கள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. முதல் டம்ளர் 600, இரண்டாவது 900 என்று வந்தால் உப்பு மேலே ஏறுகிறது. அன்றோடு இறைக்கும் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கிறது. இந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. எண் குறைவாக இருக்கிறது என்பதற்காகக் காய்ச்சாமல் குடித்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் தண்ணீரை மூன்றாகப் பிரித்துக்கொள்வது இந்தப் பக்கத்துப் பழக்கம். காவிரி கூட்டுக் குடிநீரோ, வண்டியில் குடம் கணக்கில் வாங்குவதோ, மழைத் தண்ணீரோ குடிக்கவும் சமைக்கவும் மட்டும். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும். சவர்த் தண்ணீர் கழிப்பறைக்கு. ஆர்ஓ எந்திரம் வைத்திருந்தால், 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2 அல்லது 3 லிட்டரை அது வெளியே தள்ளும். மூலத்தண்ணீர் சவராக இருந்தால் இன்னும் கூடும். அந்தக் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்துப் பிடியுங்கள். தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற அது போதும். செடிக்கு மட்டும் ஊற்றவேண்டாம். எந்திரம் பிரித்தெடுத்த உப்பு முழுவதும் அந்த வாளியில்தான் இருக்கிறது. பத்து நாளில் இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும். செடிக்கு நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைவீர்கள்.

மழையைப் பிடிப்பது

மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 500 சதுர அடி மாடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். தெறித்ததும் காய்ந்ததும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும், வருடத்துக்கு 30,000 லிட்டர் அளவுக்கு அந்த மாடியில் இறங்குகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால், 5000 லிட்டர் தொட்டி ஒன்று 250 நாள் தாங்கும். மார்கழியில் நிரம்பிய தொட்டி ஆவணி வரை வரும். தமிழ்நாட்டில் 2003 முதலே மழைநீர் சேமிப்புக் கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கும், அதன் முனை தெருவைப் பார்த்திருக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி அந்த முனையைத் திருப்புவதே முதல் வேலை.

1. புரட்டாசி கடைசியில் மாடியைக் கூட்டி, வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பினாயில், சோப்பு கூடாது. கச்சான் நாலு மாதம் அடித்துக் கொண்டுவந்த உப்பும் மணலும் மாடி முழுக்கப் படிந்திருக்கும்; விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். காக்கை எச்சத்தையும் சுரண்டி எடுங்கள்.

2. இறங்கும் குழாயில் ஒரு கிளை பிரித்து, 100 லிட்டர் பீப்பாய் ஒன்றை முதலில் நிரம்பும்படி வையுங்கள். பருவத்தின் முதல் மழையில் மாடியைக் கழுவி வரும் அழுக்குத் தண்ணீர் இதில் நிற்கும். பீப்பாய் நிரம்பியபின் வருவதுதான் வடிகட்டிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பீப்பாயைக் காலி செய்ய அடியில் ஒரு திருகுக் குழாய் வையுங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான்: காலி செய்ய மறந்துவிடுவார்கள், அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். மறதிக்காரர்கள் அடியில் ஆணியால் ஒரு சிறு துளை போட்டுவிடலாம். தானாகச் சொட்டி வடிந்துவிடும்.

3. வடிகட்டிக்கு மூடியுள்ள பெரிய பீப்பாய் போதும். அடியில் முக்கால் அடி பெருஞ்சல்லி, அதன்மேல் கால் அடி சிறுசல்லி, அதற்கும் மேல் அரை அடி கழுவிய ஆற்று மணல். அடுக்குக்கு அடுக்கு நைலான் வலை விரித்தால் ஒன்றோடொன்று கலக்காது. வாசலில் கிடைக்கிறதே என்று கடல் மணலைப் போடாதீர்கள். வருகிற நல்ல தண்ணீரை நீங்களே உப்பாக்குவீர்கள்.

4. தொட்டிக்குள் வெளிச்சம் போகக்கூடாது, போனால் பாசி பிடிக்கும். காற்றுக் குழாய், வழிந்தோடும் குழாய் இரண்டின் வாயிலும் கொசுவலை கட்டுங்கள். இரும்புக் குழாய், இரும்புக் கிளிப்பு எதுவும் வேண்டாம். உப்புக் காற்றில் இரண்டு வருடத்தில் பொரிந்து உதிரும். பிவிசி குழாயும் துருப்பிடிக்காத ஸ்டீல் கிளிப்பும் நிற்கும்.

5. தொட்டி நிரம்பியபின், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். குடிக்கிறதைக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

மிஞ்சி வழிகிற தண்ணீரைக் கிணற்றுக்குப் பக்கத்தில் 3 அடிக்கு 3 அடி குழியில் விடுங்கள். உடைந்த செங்கல், சல்லி, மேலே மணல் என்று நிரப்பினால் போதும். இராமேஸ்வரம் தீவுப் பக்கத்தில் குழியை ஆழமாகத் தோண்டுவது தப்பு. கார்த்திகையில் நிலத்தடி நீர் சில அடிக்கு உயர்ந்துவிடும். ஆழக் குழி தண்ணீரை இறக்குவதற்குப் பதில் குட்டையாக நின்று கொசு வளர்க்கும். கழிப்பறைத் தொட்டியின் உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே அடி வைத்து அளந்து பாருங்கள். மணலில் எல்லாம் வேகமாக இறங்கும், அழுக்கும் அப்படியே.

துவைத்த தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. சோப்புத்தூளில் இருக்கும் சோடியம் மண்ணை இறுக்கும். தினமும் ஒரே தென்னையின் அடியில் ஊற்றாமல், இடத்தை மாற்றி மாற்றி விடுங்கள். கடைசி அலசல் தண்ணீர் கல்வாழைக்கு நல்லது. அரிசி கழுவிய கழனித் தண்ணீரும் மீன் அலசிய தண்ணீரும் முருங்கைக்குப் போகட்டும். உப்புப் போட்டு உரசிக் கழுவியிருந்தால் அந்த அலசலை மட்டும் சாக்கடையில் விடுங்கள்.

மீன் கழிவு

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதிகம் திணறுவது இதில்தான். செதிலும் செவுளும் குடலும் பாலித்தீன் பையில் கட்டித் தெருமுனைத் தொட்டியில் போனால், அன்று இரவே நாய் கிழித்துவிடும். மிச்சத்தைக் காக்கை தூக்கும். காலையில் வெறும் பை காற்றில் பறக்கும். அந்தக் கழிவு செடிக்கு நல்ல உணவு. மீன் அமிலம் என்று உழவர்கள் சொல்லும் கரைசலை வீட்டிலேயே செய்யலாம்.

மீன் கழிவு 1 கிலோ என்றால் வெல்லமும் 1 கிலோ. கருப்பட்டியும் ஆகும், ஆனால் விலைக்குக் கட்டாது; சர்க்கரைப் பாகு கசிந்து உருகிப்போன மட்ட வெல்லத்தைக் கடையில் கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ எடுங்கள். உலோகப் பாத்திரம் அரித்துவிடும். கழிவைக் கத்தரிக்கோலால் சிறு துண்டாக நறுக்கி, பொடித்த வெல்லத்தோடு கையால் பிசைந்து, பாத்திரத்தில் முக்கால் அளவுக்குமேல் போகாமல் நிரப்புங்கள். ஒரு துளி தண்ணீர்கூடச் சேர்க்கவேண்டாம். மேலே ஒரு கைப்பிடி வெல்லத்தைப் போர்வைபோல் தூவி, காற்று போகாமல் இறுக மூடி, நிழலில் வையுங்கள்.

முதல் வாரம் மூடி உப்பும். மூன்று நாளைக்கு ஒருமுறை லேசாகத் திறந்து காற்றை விட்டு உடனே மூடுங்கள். 10 நாளில் சதை கரையத் தொடங்கும். 25 முதல் 40 நாளுக்குள் தேன் நிறத்தில் பிசுபிசுப்பான சாறு மேலே நிற்கும். பழுத்த பழத்தின் வாடை அடிக்கும். மீன் வாடை போய்ப் பழ வாடை வருவதுதான் பதம். அழுகல் நாற்றம் வந்தால் வெல்லம் போதவில்லை. இன்னும் கால் கிலோ சேர்த்துக் கிளறி மூடுங்கள். புழு தெரிந்தால் மூடி இறுகவில்லை, ஈ முட்டையிட்டுவிட்டது; அந்த வாளியை அப்படியே மரத்தடியில் புதைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மேல். கருவாட்டுக் கழிவையும் உப்பு போட்ட மீனையும் இதில் சேர்க்கக்கூடாது.

வடிகட்டிய சாறு 5 மில்லியை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் இறங்கியபின் இலையில் தெளியுங்கள். மிளகாய், கத்தரி, மல்லிகைக்கு 15 நாளுக்கு ஒருமுறை போதும். அளவு கூடினால் இலை கருகும். அடியில் தங்கிய முள்ளையும் சக்கையையும் தென்னை மூட்டில் புதையுங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு. ஒன்றரை அடிக் குழி, அதில் கழிவு, மேலே ஒரு கூடை வேப்பஞ்சருகு, அதன்மேல் மண், கடைசியாக ஒரு கருவை முள் கொப்பு. முள் வைக்காத குழியை அன்றிரவே நாய் தோண்டும். நண்டு ஓடு, இறால் ஓடு இரண்டையும் வெயிலில் காயவைத்து இடித்து முருங்கைக் குழியில் போடலாம்.

காய்கறிக் கழிவுக்கு ஓட்டை போட்ட இரண்டு பழைய வாளிகள் போதும். ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு சருகு. ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றது நிரம்பட்டும். இந்த ஊர் வெயிலில் அழுகுவதைவிடக் காய்ந்துபோவதுதான் சிக்கல். வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள்.

மக்காத குப்பையைக் காற்றிடமிருந்து காப்பது

கிழிந்த உரச்சாக்கு ஒன்றைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிடுங்கள். காய்ந்த குப்பை முழுவதும் அதற்குள். வெளியே வைக்கும் நாளில் வாயைச் சணலால் கட்டி, கச்சான் காலமானால் மேலே ஒரு கல்லும் வையுங்கள். திறந்த தொட்டியில் போட்ட சிப்ஸ் பாக்கெட் நாலு தெரு தாண்டிக் கடலுக்குப் போக ஒரு மத்தியானம் போதும்.

பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது துண்டு தனியாக வராமல் ஒட்டிக்கொண்டு தொங்கும்படி வெட்டுங்கள். நகத்தளவு உள்ள அந்த மூலைத் துண்டை யாரும் பொறுக்க முடியாது. நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். வருடத்துக்கு 365 துண்டு ஒரு வீட்டிலிருந்து. பாக்கெட்டை அலசி, சுவரில் ஒட்டிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பொருள் கடையில் எடுத்துக்கொள்வார்கள். அலசாததை எடுக்கமாட்டார்கள்.

தூக்கியெறியும் பிளாஸ்டிக் பை, தட்டு, கப் உள்ளிட்ட 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆனாலும் மீன் சந்தையில் கறுப்புப் பை நீளத்தான் செய்கிறது. அதற்கு மாற்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. பனை ஓலைப் பெட்டியும் கொட்டானும் இங்கே இன்னும் முடைகிறார்கள். மீனுக்கு மூடியுள்ள தூக்குவாளி, கருவாட்டுக்கும் காய்க்கும் ஓலைப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பெட்டியை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் ஓலை வெடிக்காது. ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; பிடித்தால் சாம்பல் தேய்த்து வெயிலில் போடுங்கள்.

குப்பையை எரிக்கவேண்டாம். உருகிய பிளாஸ்டிக் மணலோடு சேர்ந்து கட்டியாகிவிடும், பிறகு அதை எடுக்கவே முடியாது.

இராமேஸ்வரத்தில் குடியிருந்தால் ஊரிலிருந்து உறவினர் தீர்த்தமாட வருவார்கள். அக்னி தீர்த்தத்தில் உடுத்திய துணியைக் கடலில் விட்டுவரும் வழக்கத்தை முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லித் தடுங்கள். பாலியஸ்டர் சேலை தண்ணீரில் மக்காது; அடியில் கிடந்து குளிக்கிறவர் காலையும் சுற்றும், படகு விசிறியையும் சுற்றும். மாற்றுத் துணிக்கு ஒரு பையும், பிண்டம் வைக்க வாழை இலையும் கொடுத்தனுப்புவது வீட்டுக்காரர் கடமை.

என்ன மீன், எப்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகும் வள்ளமும் கொண்டுவரும் மீன்தான் உள்ளூர் மீன். வரத்து குறையும், விலை ஏறும். கொடுக்கலாம். மற்ற மீன் எங்கிருந்தோ ஐஸில் வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சூடை, காரல், நெத்திலி, கும்பளா போன்றவை வேகமாக வளர்ந்து பெருகும் மீன்கள். வாரத்தில் நாலு நாள் இவற்றை வாங்கினால் கடலுக்குப் பாரமில்லை. பெரிய மீனின் விரலளவுக் குஞ்சுகளைக் கூறு கட்டி மலிவாக வைத்திருந்தால் தொடாதீர்கள். இழுவலையில் வேண்டாமல் சேர்ந்துவருவதைச் சங்காயம் என்பார்கள். அதில் பாதிக்குமேல் வளர்ந்திருந்தால் நல்ல விலை போயிருக்கும் மீன்.

நீலக்கால் நண்டு வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். வயிற்று மடலுக்கு வெளியே பஞ்சுபோல் ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருந்தால் அது சினை நண்டு. நாள் ஆக ஆக அந்தப் பஞ்சு பழுப்பாகி, பொரிக்கும் தறுவாயில் கறுக்கும். வாங்குகிறவர் வேண்டாம் என்று சொன்னால்தான் வலையிலேயே அதைக் கழித்துக் கடலில் விடும் வழக்கம் நிலைக்கும்.

கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. காய்ந்தது, மருந்து, பரிசு என்று யார் நீட்டினாலும் கையில் வாங்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம். பவளக்கல்லும் அப்படித்தான். கரையில் ஒதுங்கிய செத்த பவளம் என்றாலும் அலமாரிக்கு எடுத்துவராதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன; சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்த காலத்தின் விளைவு அது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது.

மணலில் செடி

வெறும் மணலில் விதை போட்டு வரவில்லை என்று வருந்தவேண்டாம். இரண்டு அடிக் குழி எடுத்து, கண்மாய்க் கரம்பை (வண்டல்மண்) ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கரம்பை இல்லையென்றால் ஊற்றிய தண்ணீர் அரை மணியில் அடியில் போய்விடும். மேலே நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு. கடலைப் பார்த்த பக்கம் பூவரசு, புங்கன், நுணா. அதற்குப் பின்னால் முருங்கை, கொடுக்காப்புளி. அதற்கும் உள்ளே காய்கறி. முதல் வரிசை உப்புக் காற்றை வாங்கிக்கொள்ளாமல் வெண்டையும் தக்காளியும் பிழைக்காது. கச்சான் காலத்தில் மாலை ஒருமுறை நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுவது பாதி உரத்துக்குச் சமம்.

வளவில் சீமைக் கருவேலம் முளைத்திருந்தால் வெட்டினால் மட்டும் போகாது. வெட்டிய இடத்தில் பத்துக் கொப்பு வெடிக்கும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, தரைக்குக் கீழ் ஒரு அடி தோண்டித் தூரோடு எடுங்கள். எடுத்த குழியைச் சும்மா விடாமல் அன்றே வேம்போ புங்கனோ வையுங்கள். பனையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீர்கள். வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் அது நின்ற இடத்தில் இன்னொரு பனை அவ்வளவு உயரம் வர ஒரு தலைமுறை ஆகும்.

வாசலுக்கு வெளியே படர்ந்திருக்கும் அடும்பங்கொடியையும், பந்துபந்தாய் உருளும் இராவணன் மீசைப் புல்லையும் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். பிடுங்கினால் அடுத்த கச்சானில் மணல் உங்கள் திண்ணைக்கு வரும்.

கரையில் இறங்கும்போது

கரையைச் சுத்தம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கடல் வத்தும் நேரத்தில், காலை வெயிலுக்கு முன் போங்கள். தடித்த அடியுள்ள செருப்பு, ரப்பர் கையுறை, பழைய அரிசிச் சாக்கு, ஒரு கத்தி. வெறுங்காலோடு வேண்டாம், தூண்டில் முள்ளும் திருக்கை முள்ளும் மணலில் புதைந்திருக்கும். கரையில் காய்ந்து கிடக்கும் சொறியை (ஜெல்லி மீன்) தொடக்கூடாது, செத்த பின்னும் கடிக்கும்.

பொறுக்கவேண்டியது பிளாஸ்டிக், தெர்மகோல், கண்ணாடி, வலைத் துண்டு. விடவேண்டியது கடற்புல், பாசி, சிப்பி, மரக்கட்டை. கருத்து நாறும் கடற்புல் குவியல் பார்க்க அழுக்காகத் தெரியும். அதுதான் அலை மணலை அரிக்காமல் தடுக்கிறது, பறவைக்குத் தீனியும் அதில்தான். அதை வாரிவிட்டுக் கரையைத் துடைத்துவைத்தாற்போல் ஆக்குவது உதவி ஆகாது.

புதைந்த வலையை இழுத்துப் பிய்க்காதீர்கள். மணலைக் கையால் விலக்கி, வரும்வரை எடுத்து, மிச்சத்தைக் கத்தியால் வெட்டுங்கள். ஒரு கண்ணியை இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். அறுபடாமல் நின்றால் வீட்டில் அவரைக்குப் பந்தல், கோழிக்கு மறைப்பு என்று பயன்படும். பொடிந்து விரலில் நார் ஒட்டினால் வெயில் அதைத் தின்றுவிட்டது. வீட்டில் வைத்தால் நாராய் உதிர்ந்து மண்ணில் கலக்கும், சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். வலையில் ஆமையோ கடல் பசுவோ உயிரோடு சிக்கியிருந்தால் பக்கத்து மீனவரையும் வனத்துறையையும் கூப்பிடுங்கள். அதற்குள் ஈரத்துணியால் உடம்பை மூடுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள்.

தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். கடலைப் பார்த்த மாடி விளக்கை இரவில் அணையுங்கள். அணைக்க முடியாததற்குக் கீழ்நோக்கிக் குடை போட்டு, மங்கிய மஞ்சள் பல்பு மாட்டுங்கள். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். வெளிவரும் குஞ்சு இருட்டில் எது பிரகாசமோ அதைக் கடல் என்று நினைத்து நடக்கும். உங்கள் வீட்டு விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் உங்கள் வாசலுக்கு வரும். மணலில் டிராக்டர் டயர் போன அச்சுமாதிரி தடம் தெரிந்தால் அது தாய் ஏறி இறங்கிய வழி. தடம் முடியும் இடத்தைக் கம்பால் குத்திப் பார்க்காமல், ஒரு கல்லை அடையாளம் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். வழி தவறிய குஞ்சைக் கண்டால் தண்ணீரில் தூக்கிப் போடாதீர்கள். ஈர மணலில் கடலைப் பார்க்க விட்டு, கைபேசி விளக்கை அணைத்துவிட்டு, அதற்குப் பின்னால் நில்லுங்கள்.